யாகோ காயும் ஒரு கோட்டும்

என் தோழருக்கு,

நேற்று உங்களை அடக்கம் செய்துவிட்டோம். உடல் கிடைக்காதவருக்கு நம் வழக்கப்படி யாகோ மரத்துக் காயைத்தான் புதைத்தார்கள். உங்கள் பழுப்புக் கோட்டை அதன்மேல் சுற்றினேன். ஒரு பொத்தான் இல்லை. தைக்கத் தோன்றவில்லை.

காணாமல் போனவர்களின் தாய்மார் உங்கள் வகுப்பறை வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம், "காயைப் புதைச்சிடாதீங்கம்மா, புதைச்சா அரசாங்கம் கேஸை மூடிடும்" என்பீர்கள். பல்கலைக்கழக வாசலில் உங்களை ஜீப்பில் ஏற்றிப்போன நாளிலிருந்து ஆறு வருஷம் நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் அண்ணன் ஒபூரா, "உங்க மார்க்ஸா வந்து என் தம்பிக்குக் குழி வெட்டுவாரு?" என்று கத்தினார். பிறகு அவரே அழுதார். சரி என்றேன்.

சாப்பாட்டு நேரத்தில் மாவட்ட அதிகாரி வந்தார். நீங்கள் எல்லை தாண்டி ஓடிவிட்டதாகக் கோர்ட்டில் சத்தியம் செய்தாரே, அவரேதான். மீனும் களியும் வைத்தேன். காய் மண்ணுக்குள் போனதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசத் தேத்திக்கம்மா. சார் ரொம்ப நேரம் கஷ்டப்படல" என்றார்.

அடுத்த பாயில் நம் வக்கீல் அவினோ உட்கார்ந்திருந்தாள். களியை உருட்டிய அவள் கை அப்படியே நின்றது.

நான் அவருக்கு இன்னொரு மீன் வைத்தேன்.

திங்கட்கிழமை அவரை மறுபடி கூண்டில் ஏற்ற மனு போடுகிறோம். அவினோவிடம் நிறையக் கேள்விகள் இருக்கின்றன. எனக்கு ஒன்றுதான். ரொம்ப நேரம் இல்லையென்றால், எவ்வளவு நேரம்?

இப்படிக்கு,
உங்கள் வீட்டுத் தோழர்