கப்பல் பாட்டுக்கு இரண்டு மெட்டு

கோயிலில் புதிதாகத் திரை வைத்திருக்கிறார்கள், அண்ணி. பாட்டுப் புத்தகம் தேடிப் பக்கம் புரட்டுகிற வேலை இனி இல்லை. பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் எழுத்து பளிச்சென்று வருகிறது. போன ஞாயிறு பூசையில் நன்மை அப்பம் வாங்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன். திரையில் பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு: ‘பயணப் பாடல்.’ அடியில் முதல் வரி: ‘அலைநடுவே நிற்கின்றேன், ஐயனே, கரம் தாரும்.’ எல்லோரும் பாட எழுந்தார்கள், நான் எழவில்லை. உட்கார்ந்தபடியே உங்களை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாட்டுக்குப் பயணப் பாடல் என்று எங்கள் வீட்டில் யாரும் பெயர் சொன்னதில்லை. எங்களுக்கு அது கப்பல் பாட்டு. பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை ஆண்ட காலத்தில், பெரியப்பா அவர்கள் ராணுவத்துக்குக் கப்பலேறியபோது கடற்கரையில் நின்று சொந்தக்காரர்கள் பாடினார்களாம். யாராவது ஊரைவிட்டுப் போனாலும், உலகைவிட்டே போனாலும், எங்கள் உப்பளத்து வீட்டில் அதுதான் பாட்டு. பிரான்சிலிருந்து வந்த சாமியார் யாரோ கொண்டுவந்த மெட்டு என்பார்கள். ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, நிறுத்தி, மெதுவாகப் பாட வேண்டும்.

நீங்கள் பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தீர்கள். நாங்கள் கோயில் என்பதை நீங்கள் சர்ச் என்றீர்கள். நாங்கள் பூசை என்றால் நீங்கள் ஆராதனை என்றீர்கள். வந்த புதிதில் ஒருநாள் துணி காயப்போட்டபடி ஏதோ பாடினீர்கள். சொல்லெல்லாம் எங்கள் கப்பல் பாட்டு. மெட்டு மட்டும் வேறு. தாளத்தோடு, துள்ளிக்கொண்டு ஓடியது. அண்ணன் சாப்பாட்டுத் தட்டோடு வெளியே வந்துவிட்டார்.

“இன்னா அவசரம்? அந்த மெட்டுல பாடினா கப்பல் போய்த் திரும்பியே வந்துடும்.”

“உங்க மெட்டுல பாடினா கப்பல் கெளம்பவே கெளம்பாது,” என்றீர்கள்.

அன்று தொடங்கிய வழக்கு. மெட்டோடு நின்றதா? உங்கள் ஊர்ப் பாட்டில் ‘கரம் தாரும்’ இல்லை, ‘கை தாரும்.’ கரம் என்றால்தான் பாட்டுக்கு மரியாதை என்பார் அண்ணன். “தண்ணில முங்குதவன் கரம் தாரும்னா கேப்பான்? கையத் தாரும்னுதான் கத்துவான்,” என்பீர்கள் நீங்கள். கோயில் பாடகர் குழுவில் அவருடையது கனத்த குரல். ஊரில் உங்களுடையதும் பேர்போன குரல். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பூசையில் அந்தப் பாட்டு வரும்போது நீங்கள் வாயை மூடிக்கொண்டு நிற்பீர்கள்.

அண்ணன் வேலை பார்த்த மில்லை மூடி, அவர் வேறு வேலைக்குப் போய், பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போன பிறகுதான் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சு அடியோடு போனது. அந்தக் குரலிலிருந்து ‘ஆ’ என்ற ஒலியைத் தவிர வேறொன்றும் வரவில்லை. கோபத்தில் டம்ளரைத் தட்டிவிடுவார். நீங்கள் துடைத்துவிட்டு மறுபடி நிரப்பி வைப்பீர்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒருநாள் சொன்னாள்: “பேச்சு போனவங்களுக்கும் சில சமயம் பாட்டு மிஞ்சியிருக்கும்மா. அவருக்குப் பழக்கமானதைப் பாடிப் பாருங்க.”

நீங்கள் பாடினீர்கள், உங்கள் மெட்டில். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் உச்சி வெயிலில் என் வீட்டுக்கு வந்தீர்கள். நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்று கேட்டீர்கள்: “பாப்பா, உங்க மெட்ட எனக்குச் சொல்லித் தா.”

மீனைச் சட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். எத்தனை வருஷத்துப் பிடிவாதம் அது! அதை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து, தரையில் என் எதிரே உட்கார்ந்தீர்கள். நான் பாடிக் காட்டக் காட்ட, உங்கள் நாக்கு பழைய தாளத்துக்கே ஓடியது. “இம்புட்டு நேரம் மூச்சைப் பிடிச்சா நான் அவருக்கு முந்திப் போயிருவேன்,” என்று சிரித்தீர்கள். அப்புறம் சட்டென்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதீர்கள். நாள்தோறும் வந்தீர்கள். மெட்டு படிந்தது.

நீங்கள் அதை அவருக்குப் பாடிக்காட்டிய அன்றைக்கு நானும் உங்களோடு இருந்தேன். அண்ணனுக்கு முகம் துடைத்துவிட்டு, அவர் இடதுகையைப் பிடித்துக்கொண்டு எங்கள் மெட்டில் தொடங்கினீர்கள். அவர் முகம் உங்கள் பக்கம் திரும்பியது. உதடு அசைந்தது. ‘ஐயனே, கை தாரும்’ என்று நீங்கள் இழுத்தபோது அவர் நெற்றி சுருங்கியது. உங்கள் பிடியிலிருந்து கையை உருவி, நிறுத்து என்பதுபோலத் தூக்கினார்.

“க... கரம்.”

நீங்கள் அவர் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டீர்கள். சிரிப்பா அழுகையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. “சரி, கரம். கரம்தான். இனி ஆயுசுக்கும் கரம்தான், போதுமா?” என்றீர்கள். அவர் மறுபடியும், “கரம்,” என்றார். பிறகு ‘தண்ணீர்’ என்ற சொல் வந்தது, உங்கள் பெயர் வந்தது, மெல்ல மெல்லச் சின்ன வாக்கியங்களும் வந்தன.

அவரை எழுப்பி உட்காரவைத்துவிட்டு நீங்கள் முந்திக்கொண்டீர்கள், அண்ணி. காய்ச்சல் என்று படுத்தவர் எழவில்லை. அடக்கப் பூசைக்குக் கப்பல் பாட்டுதான் என்று குழுவினர் தயாராக நின்றார்கள். அண்ணன் சக்கர நாற்காலியில் இருந்தபடி கையை ஆட்டினார். “அவ... மெட்டு,” என்றார். அது அங்கே யாருக்கும் தெரியாது. அவரே தொடங்கினார். அந்த ஓட்டத்துக்கு அவர் நாக்கு ஈடுகொடுக்கவில்லை. பாதிச் சொற்கள் விழுந்தன. நான் என்னால் முடிந்தவரை சேர்ந்துகொண்டேன். அந்த இடம் வந்ததும் மட்டும் நின்று, மூச்சு வாங்கி, தெளிவாகச் சொன்னார்: “கை தாரும்.”

இப்போது அண்ணன் எங்கள் வீட்டில் இருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார். பாட்டு, மெட்டு எல்லாம் அவரோடு இருக்கட்டும். அன்று நீங்கள் அடுப்படி வாசலில் நின்று கேட்டீர்களே, அந்தக் கேள்வியை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் மருமகள் மாஹேக்காரி. சாயங்காலம் தனியாக உட்கார்ந்து மலையாளத்தில் செபமாலை சொல்வாள். வீட்டுக்கு வந்தவள் எங்களைப்போலச் சொன்னால் என்ன என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குறை இருந்தது. நேற்று அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “எனக்கும் சொல்லிக் குடும்மா,” என்றேன். அவள் வியப்போடு பார்த்துவிட்டு ஒரு வரி சொன்னாள். நான் திருப்பிச் சொன்னேன், நாக்கு புரளவில்லை. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சற்றே தள்ளி உட்கார்ந்து, பாயில் எனக்கும் இடம் விட்டாள்.