இடைநிரப்பி

நாள் 212, 07:10
நிலவின் மறுபக்கம், அஞ்சல் நிலையம். ஆன்டெனா வெப்பம் இயல்பு. பூமியிலிருந்து வரும் குரலில் இழப்பு நான்கு விழுக்காடு. பூமிக்கு எழுத்து அனுப்பும் தடம் மூன்று நாளாகப் பழுது. குரல் மட்டும் போகிறது. பணியில் ஒருத்தி: பிரமநாயகி, தொலைத்தொடர்புப் பொறியாளர்.

நாள் 212, 16:40
ஆக்சிஜன் கருவியின் பம்ப் உடைந்துவிட்டது. மாற்று இல்லை. காற்று பதின்மூன்று நாளைக்கு. சரக்குக் கப்பல் 219 அன்று கிளம்பி 224-இல் இங்கே வரும். புது பம்ப்பை அதில் ஏற்றினால் போதும். குரலில் சொன்னேன். பதில் வந்தது:

"ஏ நாயகி, கேட்டாச்சு. நாங்க பாத்துக்கிடுதோம். அந்தப் பொடிக் கஞ்சியக் குடிச்சிட்டுப் படு."

இருதயராஜ். பூமியில் கட்டுப்பாட்டு அறையின் தலைவன், கல்லூரியில் என் வகுப்பு. சொன்னால் செய்வான்.

நாள் 214, 08:05
பூமிக்கும் எனக்கும் இடையே பேச்சை வாங்கி அனுப்பும் அஞ்சல் செயற்கைக்கோள் சாய்ந்திருக்கிறது. 212 மதியத்திலிருந்து இரு திசையிலும் இழப்பு தொண்ணூறு விழுக்காடு. இன்றுதான் பார்த்தேன். ஆனால் இருதயராஜின் குரல் பக்கத்து அறையில் இருப்பதுபோலக் கேட்கிறது.

அது இடைநிரப்பியின் வேலை. அறுந்து வரும் பேச்சில் விடுபட்ட சொற்களை, அதே ஆளின் பழைய பதிவுகளிலிருந்து ஊகித்து, அதே குரலில் நிரப்பும். இரு முனையிலும் ஓடுகிறது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதியது. முனைவர் பட்டம், வேலை, பதவி உயர்வு, இந்த இருக்கை எல்லாம் அதனால் வந்தவை. கல்யாணப் பேச்சுகள் அதனால் நின்றன, வருத்தமில்லை.

நிரப்புவது பாதியைத் தாண்டினால் மணி அடிக்கும். வந்த முதல் வாரமே, இங்கே வேலை செய்த எல்லோரையும்போல, நானும் மணியை அடைத்துவிட்டேன். ஓயாமல் அடித்து உயிரை வாங்கும். பூமியிலும் எப்போதோ அடைத்துவிட்டார்கள்.

நாள் 215, 10:20
பம்ப் ஏற்றியாகிவிட்டதா, எந்தப் பெட்டியில் என்று கேட்டேன்.

"வருது, வருது. என்னட்டி அவசரம், மாப்பிள்ளையா வாரான்?"

இருபது வருடத்துக் கேலி. பெட்டி எண்ணை மறுபடி கேட்டேன். அதே கேலி. அதே சிரிப்பு, அதே நீளத்தில்.

என் பக்கத்து இடைநிரப்பியை நிறுத்தினேன். இரைச்சல். நாற்பது நிமிடத்தில் "யகி" என்று ஒரு துண்டு.

நாள் 216, 09:00
நான் பேசியது பூமியில் என்னவாகக் கேட்டது, அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதன் நகல் தினமும் காலையில் எழுத்தாக வரும். எழுத்து சிறியது; சரியாகச் சேரும்வரை திரும்பத் திரும்ப அனுப்புவார்கள். யாரும் அதைப் படிப்பதில்லை, கோப்பில் போடுவோம். 212-ஐ எடுத்துப் படித்தேன்.

"பிரமநாயகி: ஆக்சிஜன் கருவி இயல்பு. எதுவும் தேவையில்லை."
"இருதயராஜ்: ஏட்டி, எப்பவாச்சும் ஒரு ஒத்தாசை கேளேன். கொறஞ்சா போயிருவ?"

என் பதிவுகள் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு இருக்கின்றன. அவற்றில் ஓர் இடத்தில்கூட நான் யாரிடமும் உதவி கேட்டதில்லை. இடைநிரப்பி அதை எங்கிருந்து கற்றுக்கொள்ளும்?

நாள் 217, 18:30
காலையிலிருந்து கத்தினேன். காற்று இல்லை, காப்பாற்றுங்கள், பம்ப், பம்ப். தொண்டை கட்டிவிட்டது. இடையில் அழுதேன். எழுதத் தேவையில்லை, எழுதிவிட்டேன்.

நாள் 218, 09:00
நேற்றைய நகல். நாற்பத்தோரு இடங்களில் ஒரே வரி.

"பிரமநாயகி: நிலவரம் இயல்பு."

சொற்கள் வேண்டாம். கரண்டியால் மைக்கைத் தட்டப் போகிறேன். மோர்ஸ் அபாயக் குறி: மூன்று குட்டை, மூன்று நெட்டை, மூன்று குட்டை. பேச்சு இல்லாததை அது நிரப்ப முடியாது.

நாள் 218, 17:15
எட்டு மணி நேரம் தட்டினேன். விரல் வீங்கியிருக்கிறது. கரியமில வாயு ஏறுகிறது, தலைவலி. கப்பல் நாளை மதியம் கிளம்பும்.

நாள் 219, 09:00
நகல் வந்தது.

"இருதயராஜ்: என்ன, இருமுத மாதிரி கேக்கு? சளியா?"
"பிரமநாயகி: லேசாகத்தான்."
"இருதயராஜ்: சுக்கு கொண்டு போனியா? சரி, ஒண்ணு கேக்கணும். நாளைக்குக் கிளம்புத கப்பல தென்துருவத்துக்காரங்க கேக்காங்க. அங்க தண்ணிக் குழாய் உறைஞ்சு போச்சாம். உனக்கு அடுத்த மாசம் அனுப்பட்டா? அவசரம் ஒண்ணும் இல்லல்லா?"
"பிரமநாயகி: இல்லை. அவர்களுக்கே கொடுங்கள்."

போன மாதம் கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.