ஒன்றிலிருந்து எண்ணியவள்

மார்ச் 4

பைதான் என்கிற கணினி மொழி வகுப்பில் இரண்டாம் நாள். பதினெட்டு வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாயும் கையுமாக இருந்தவளுக்கு இப்போது இது. புது இயந்திரம் வருகிறதாம். அதற்கு நிரல் எழுதும் தேர்வில் தேறினால் இங்கேயே வேலை. இல்லாவிட்டால் தூரத்துக் கிளை, போகவர நாலு மணி நேரம். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிற என் வீட்டுக்காரருக்கு மதியச் சாப்பாடு யார் கொடுப்பது? யார் புரட்டிப் படுக்க வைப்பது? தேறியே ஆக வேண்டும்.

மார்ச் 6

எண் = எண் + 1 என்கிறது புத்தகம். எப்படிச் சமமாகும்? பள்ளிக்கூடத்தில் எழுதியிருந்தால் கணக்கு டீச்சர் காதைத் திருகியிருப்பார். இவர் படுத்தபடியே புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்.

"என் எடையையே எடுத்துக்கோ. போன வாரம் இருந்ததோட ஒரு கிலோ கூடிடுச்சுன்னு வெச்சுக்கோ. இப்ப அதுதான் என் எடை, பழசு போச்சு. இதுல என்ன குழப்பம்?"

எலக்ட்ரீஷியன் மூளை! புரிந்துவிட்டது.

மார்ச் 15

ஒரு வரியை நாலு இடம் உள்ளே தள்ளி எழுத மறந்ததால் நிரல் ஓடவில்லை, அதைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் போயிற்று. சனியன்.

மார்ச் 29

நானே ஒரு நிரல் எழுதினேன்! எங்கள் ரத்த மாதிரித் தட்டில் முதல் குழியில் எப்போதும் இயந்திரத்தைச் சரிபார்க்கும் சோதனைத் திரவம்தான் இருக்கும். அதை விட்டுவிட்டு நோயாளிகளின் அளவுகளை மட்டும் கூட்டிச் சராசரி சொல்லும். எண்ணத் தொடங்கும் இடத்தில், முதல் நோயாளி என்று 1 போட்டேன். விடை சரி. பக்கத்து மேசை சோடாபுட்டி அண்ணனுக்கும் சொல்லிக் கொடுத்தேன். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஏப்ரல் 16

போச்சு. ஃபெயில்.

குளிர்ப்பெட்டியின் பத்து வெப்பநிலைகள், சராசரி கேட்டிருந்தார்கள். பழக்கதோஷத்தில் 1 என்று தொடங்கினேன். பைதான் பூஜ்யத்திலிருந்து எண்ணுமாம். முதல் வெப்பநிலையே விட்டுப்போயிருக்கிறது. அப்படியென்றால் அன்றைக்கு விடை சரியாக வந்தது என் கெட்டிக்காரத்தனம் இல்லை, பூஜ்யமாவது இடத்தில் திரவம் இருந்து தானாகவே விட்டுப்போனதால்தான். புத்தகத்தில் பத்தாம் பக்கத்திலேயே இருக்கிறது. படிச்சேனே, கண்ணு எங்க போச்சு எனக்கு? ஒன்றிலிருந்தே எண்ணிப் பழகிய கூடத்துப் பழைய ஆட்கள் நாலு பேரும் இதே தப்பு. நான் சொல்லிக் கொடுத்த சோடாபுட்டி அண்ணன் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 17

கட்டிலோரம் உட்கார்ந்து அழுதேன். "இன்னும் கிட்ட வந்து அழு. எழுந்து வந்து கண்ணைத் துடைக்கக்கூட முடியாதவன் நான்" என்றார். சிரிப்பு வந்து தொலைத்தது. பத்து நாளில் மறுதேர்வு. விடுவேனா?

ஏப்ரல் 20

கணினியைத் தொடவில்லை. ஒவ்வொரு வரிக்கும் எண்ணைப் போட்டு வைக்கும் எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தாளில் எழுதுகிறேன். விடை சரியாக வந்தாலும் ஏன் வந்தது என்று சொல்லத் தெரிய வேண்டும். இவர் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வாத்தியார் மாதிரி கேள்வி கேட்கிறார், தலைகீழாகப் பிடித்தும்.

ஏப்ரல் 27

எழுதிவிட்டேன். மூன்று முறை சரிபார்த்தேன்.

மே 3

தேறியவர்கள் பட்டியலில் நானும் இருக்கிறேன், அண்ணனும் இருக்கிறார். ஒன்றரைக்கு வீட்டுக்கு வந்து சொன்னேன். ஏதாவது கிண்டல் செய்வார் என்று காத்திருந்தேன். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அக்காகிட்ட பேசி வெச்சிருந்தேன். நீ தூரமாப் போயிட்டா அவ வீட்ல போய்க் கிடக்கலாம்னு. பயமா இருந்துச்சுடி."

இரண்டு மாதமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை என்னிடம். சாப்பாட்டைப் பிசைந்து ஊட்டினேன்.