பதினான்கு மில்லி

ஊத்தங்கரை,
4 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வெங்கட் எழுதுவது. என் போனை இரண்டு வருஷமாக நீ எடுப்பதில்லை. கூரியர்காரரையாவது திருப்பி அனுப்ப மாட்டாய் என்று நம்புகிறேன்.

நம் ஊர் ஏரியில் வண்டல் அள்ளும்போது ஒரு பழைய ஓடம் கிடைத்திருக்கிறது. ஒரே மரத்தைக் குடைந்து செய்தது. புதைந்த மரங்களைக் காப்பாற்றுவதுதானே உன் வேலை. தாசில்தாரிடம் சொல்லிவிட்டோம், தொல்லியல் துறை ஆட்கள் வரும்வரை என் பொறுப்பு. ஓசூரில் எங்கள் கம்பெனிக்கு எந்தப் பாகம் வந்தாலும் செய்வதையே செய்தேன். கழுவி, அளவெடுத்து, காற்றடித்து உலர்த்தி, எண்ணெய் தடவினேன். முன்பக்கம் மூன்றடி பளபளவென்று இருக்கிறது. மீதி சேற்றுக்குள் இருக்கிறது, அடுத்த ஞாயிறு முடித்துவிடுவேன். அளவுகளை இணைத்திருக்கிறேன்.

வெங்கட்

சென்னை,
6 மே 2025

வெங்கட்,

இதை என் ஆய்வகத்துக் கவிப்ரியா கையில் கொடுத்து பஸ் ஏற்றுகிறேன். போனில் பேசினால் என் கல்யாணக் கதைதான் வரும், அதற்குள் ஓடம் காய்ந்துவிடும்.

மீதியைத் தொடாதே. அது இரும்பு இல்லை. அந்த மரத்தின் சத்தெல்லாம் எப்போதோ போய்விட்டது, உள்ளே இருக்கும் தண்ணீர்தான் அதைத் தாங்குகிறது. காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். எண்ணெய் ஏறிய இடத்தில், தண்ணீருக்குப் பதிலாக நாங்கள் ஏற்றும் மருந்தும் சரியாக ஏறாது. கவிப்ரியா சொல்கிறபடி எடுத்து, நிழலில் தொட்டி கட்டித் தண்ணீரில் மூழ்க வை. கவிப்ரியா ஊசி குத்தி மரத்தின் உறுதியைப் பார்ப்பாள். இங்கே கொண்டுவருவதா, அங்கேயே திரும்பப் புதைப்பதா என்பது அதைப் பொறுத்தது.

கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம்.

மாதேஸ்வரி

ஊத்தங்கரை,
18 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஹாலோ பிளாக் அடுக்கி, தார்ப்பாய் விரித்து, தொட்டி கட்டிவிட்டேன். கரியப்பன் மாமா வந்து, "தண்ணியிலயே கெடந்தா அழுகிப்புடாதாடா? வார்னிஷ் அடிச்சுக் கோயில்ல வெச்சுரலாம்" என்றார். நான் எண்ணெய் தடவிய பக்கத்தைக் காட்டினேன். இரண்டு விரிசலில் விரலே நுழைகிறது. மாமா தொட்டியில் இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார்.

அந்தப் பக்கத்தைத் திரும்ப அளந்தேன். அகலத்தில் பதினான்கு மில்லி குறைந்திருக்கிறது. கம்பெனியில் அரை மில்லிக்கே ரிஜெக்ட் செய்கிறவன் நான். 'கண்டெடுத்த பின் நேர்ந்த சேதம்' என்று கவிப்ரியா அறிக்கையில் பொதுவாக எழுதினாள். என் பெயரையும் போடச் சொன்னேன்.

உன் கல்யாணத்துக்கு வராததும் என் தப்புதான். நீயாக மாப்பிள்ளை பார்த்துக்கொண்டாய் என்று பேசிய சொந்தக்காரர்கள் வாய்க்குப் பயந்துவிட்டேன் அக்கா. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

ஓடம் தேறுமா?

வெங்கட்

சென்னை,
23 மே 2025

அன்புள்ள தம்பிக்கு,

தேறும். நடுவிலும் பின்பக்கத்திலும் ஊசி கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது. இங்கே கொண்டுவர உத்தரவு வந்துவிட்டது. மூன்று வருஷமாவது மருந்தில் ஊற வேண்டும்.

மரத்தைக் கெடுத்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அளந்துவைத்துவிட்டுக் கெடுத்தவன் நீ ஒருத்தன்தான். காய்ந்தால் இந்த மரம் எவ்வளவு சுருங்கும் என்று உன் கணக்கால் தெரிந்தது, மீதிக்கு மருந்து அளவை அதை வைத்தே முடிவு செய்தோம். அதற்காகச் சேதம் இல்லையென்று ஆகாது. அறிக்கையில் உன் பெயர் இருக்கும்.

கல்யாணத்தன்று தாலி கட்டும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது எந்த அறிக்கையிலும் இல்லை, உனக்குத் தெரிய வேண்டும்.

புதன்கிழமை லாரி வரும். வழியெல்லாம் ஈரச்சாக்கு காயாமல் தண்ணீர் தெளிக்க ஆள் வேண்டும், நீயே ஏறி வா. "உங்க வீட்டுச் சீர் லாரியில வருதாமே" என்று உன் மச்சான் இப்போதே கேலி செய்கிறார். தட்டில் வைக்க நாலு மாம்பழம் எடுத்துக்கொள். எண்ணெய் மட்டும் வேண்டாம்.

உன் அக்கா,
மாதேஸ்வரி