அப்பாவின் அக்கியும் புயல்மேல் போட்ட பழியும்

மஞ்சக்குப்பம், கடலூர்
18.3.2012

அன்பு மகள் கயல்விழிக்கு அம்மா எழுதுறது. கடவுள் புண்ணியத்துல நானும் அப்பாவும் இங்க நடமாட்டமா இருக்கோம், அமெரிக்காவுல நீயும் மாப்பிள்ளை கதிர்வேலும் வயித்துல இருக்குற புள்ளையும் ஒரு கொறையும் இல்லாம இருக்கணும்னு வேண்டிக்கிட்டே இதை எழுதுறேன். போன ஞாயித்துக்கெழமை நீ பேசிக்கிட்டு இருக்குறப்பவே போனை வெடுக்குனு வச்சுட்டேன், மனசுல வச்சுக்காத. அறுபது தாண்டுனவுங்களுக்கு அக்கி வராம இருக்க அங்க ஊசி இருக்கு, மே மாசம் பிரசவத்துக்கு வர்றப்ப போட்டுக்கம்மான்னு நீ நல்லதுக்குத்தான் சொன்ன. முப்பது வருஷம் ஊர் ஊரா போயி புள்ளைங்களுக்குத் தடுப்பூசி போட்ட நர்ஸ், தனக்குன்னு வந்தப்ப வேணாங்குறாளேன்னு உனக்குக் கோவம்கூட வந்திருக்கும். காரணத்தைப் போன்ல சொல்ல எனக்கு வாய் வரல.

அப்பாவுக்குக் கொப்புளமெல்லாம் காஞ்சு இப்ப நெத்தியில தழும்புதான் இருக்கு. ஆனா வலி விடல. சீப்பு பட்டாலும், ஃபேன் காத்து பட்டாலும் நெருப்பு வச்ச மாதிரி இருக்குதுங்குறாரு. மாத்திரையில தூக்கம்தான் ஜாஸ்தி. இடது கண்ணு கருவிழியில வடு விழுந்துட்டதால எல்லாம் புகைமூட்டமாத்தான் தெரியுது, பேப்பரை நான்தான் படிச்சுக் காட்டுறேன். தானே புயலால ஆஸ்பத்திரிக்குப் போக லேட்டாயிடுச்சுன்னு உன்கிட்டயும் சொன்னேன், சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். அது முழு நெசம் இல்ல கண்ணு. புயல் அடிச்சது வெள்ளிக்கெழமை. அப்பாவுக்கு நெத்தி செவந்து கொப்புளம் கெளம்புனது அதுக்கு நாலு நாள் முன்னாடியே, திங்கக்கெழமை காலையில. பார்த்த உடனே அக்கின்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சர்வீஸ்ல எத்தனை அக்கி பார்த்திருப்பேன், இடுப்புல வரும், முதுகுல வரும், பத்து பதினஞ்சு நாள்ல காஞ்சு உதுந்துடும். இதுக்குப் போயி ஆஸ்பத்திரியான்னு நானேதான் அப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போயி, பானை செய்யிற கொளஞ்சியப்பன்கிட்ட அக்கி எழுத உக்கார வச்சேன். அவரும் காவிமண்ணைக் குழைச்சு ரெண்டு நாள் எழுதுனாரு. புதங்கெழமை போனப்ப கிண்ணத்தைக் கீழ வச்சுட்டாரு. நர்சம்மா, மூக்கு நுனியிலயும் கொப்புளம் வந்திருக்கு, கண்ணு செவந்திருக்கு, இனிமே நான் எழுதமாட்டேன், உடனே கண் டாக்டர்கிட்ட காட்டுங்கன்னாரு. எனக்குச் சுருக்குனு ஆயிடுச்சு. இவரு எனக்குச் சொல்றதான்னு நெனச்சேன், அதை அப்படியே ஒத்துக்குறேன். பார்க்கலாம்னு வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்துட்டேன். வியாழக்கெழமை காத்தும் மழையும், வெள்ளி விடியக்காலம் புயல். தெருவெல்லாம் மரம் சாஞ்சு, கரண்ட் இல்லாம, பஸ் இல்லாம, அடுத்த திங்கக்கெழமைதான் அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். கொப்புளம் வந்து மூணு நாளைக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சிருக்கணும்மான்னு அந்த டாக்டர் பொண்ணு சொன்னப்ப, புயல் மேடம், என்ன பண்றதுன்னேன். அப்பா பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தாரு.

அதான் நீ ஊசின்னு சொன்னதும் எனக்குத் தாங்கல. அவரு கண்ணை நான் கெடுத்துட்டு எனக்கு மட்டும் காப்பா, வந்தா வரட்டும், அந்த வலியை நானும் படுறேன்னு இருந்துச்சு. போனை வச்சுட்டு அழுதுக்கிட்டே இதை அப்பாகிட்ட சொல்லிட்டேன். அவரு, கொளஞ்சியப்பன் சொன்னப்ப நானும் அங்கதான உக்காந்திருந்தேன், என் காதுலயும்தான விழுந்துச்சு, என் கண்ணு தானே, நான் எழுந்து போயிருக்கலாம்லன்னாரு. அப்புறம், நீ ஊசி போட்டுக்காம இருந்தா எனக்குப் பார்வை வந்துடுமா, நீயும் படுத்துட்டா எனக்குச் சொட்டு மருந்து யாரு விடுவாங்கன்னு கேட்டாரு. கோவமே இல்லாம கேட்டாரு.

வியாழக்கெழமை அப்பாவைக் காட்டப் போனப்ப டாக்டர்கிட்ட விசாரிச்சேன். அந்த ஊசி இங்க கெடைக்கல, முழுசா தடுக்கும்னும் சொல்ல முடியாது, பாதிக்குப் பாதி வராம தடுக்கும், வந்தாலும் வலி ரொம்ப நாள் நிக்காதுன்னாங்க. பொண்ணு மாசமா இருக்கான்னேன், அக்கிக்கும் அம்மைக்கும் ஒரே கிருமிதான், ஊசியிலயும் அதுதான் இருக்கு, அவுங்களுக்கு முன்னாடி அம்மை வந்திருக்கான்னு கேட்டாங்க. மூணாவது படிக்கிறப்ப உனக்கு நல்லாவே போட்டுச்சு, வேப்பிலை போட்டுப் படுக்க வச்சேன். அப்ப பயம் இல்லன்னாங்க, இருந்தாலும் நீ அங்க உன் டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடு. அப்பாவுக்கு இப்பத்தான் வந்து போனதால அவருக்கு ஊசி பத்திப் பிறகு பார்த்துக்கலாமாம். நான் போட்டுக்குறேன் கண்ணு. வர்ற வழியில கொளஞ்சியப்பன் வீட்டுக்குப் போயி, நீங்க சொன்னதை நான் கேக்கலன்னு சொல்லிட்டு வந்தேன். புயல்ல அவரு சூளைக் கொட்டகை போயிடுச்சு, இன்னும் கீத்து போடல. அவரு கேட்டதெல்லாம் ஐயாவுக்கு வலி கொறஞ்சுதான்னுதான்.

வேளைக்குச் சாப்புடு, கால் வீக்கம் இருந்தா தலைகாணி வச்சு உசரமா நீட்டிப் படு, மாப்பிள்ளையைக் கேட்டதாச் சொல்லு. நீயும் புள்ளையும் நோய்நொடி இல்லாம நூறு வருஷம் இருக்கணும்னு அப்பாவும் நானும் ஆசீர்வாதம் பண்றோம். ஒண்ணு மட்டும் மறக்காத. உனக்கு ஒடம்புல என்ன வித்தியாசம் தெரிஞ்சாலும் அன்னைக்கே டாக்டர்கிட்ட போயிடு. அம்மா நர்ஸ், அம்மாகிட்ட கேட்டுட்டுப் போவோம்னு மட்டும் நிக்காத.

இப்படிக்கு,
உன் அம்மா
சு. கலைமணி