சின்ன ர-வா, பெரிய ற-வா

உக்குவளை
12.3.1963

அன்புத் தம்பி லாபிருக்கு, ராத்தா றம்லா ஸலாம் சொல்லி எழுதுவது.

எல்லோரும் சுகம் என்று தொடங்கினால் முதல் வரியே பொய்யாகிவிடும். கோழிகள் சுகம். மிளகுக்கொடி சுகம். உன் மச்சானுக்கு முழங்கால் வலி, சாப்பிடும் வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

உன் மூன்றாவது கடிதமும் கிடைத்தது. முதல் கடிதத்தில் பிள்ளையின் பெயரைச் சின்ன ர போட்டு ரஹ்மத் என்று பதியச் சொன்னாய். அடுத்ததில், இல்லை, பெரிய ற போட்டு றஹ்மத் என்பதுதான் சரி, கொழும்பில் படித்தவர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்றாய். இப்போது திரும்பவும் சின்ன ர. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள், எந்த ர போட்டாலும் கோணலாகத்தான் வரும். ஒரு எழுத்துக்கு இவ்வளவு மை செலவழிக்கிற வாப்பாவை இந்த ஊர் கண்டதில்லையடா.

ஆணோ பெண்ணோ இந்தப் பெயரையே வையுங்கள், இரண்டுக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட்டுத்தானே கொழும்புக்கு ரயில் ஏறினாய். எவ்வளவு வசதியான பெயர் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஏழாம் நாள் முடி இறக்கினோம். காதில் பெயர் சொல்ல நீ வருவாய் என்று உன் பெண்டாட்டி ஸுபைதா அஸர் தொழுகை வரைக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருந்தாள். கடைசியில் உன் மச்சான்தான் சொன்னார். விடியக் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் ஏறினால் பகல் சோற்றுக்கு இங்கே இறங்கலாம். பெண் கொடுத்துப் பெண் கொண்ட இடத்துக்கு வழி மறந்துவிட்டதா என்ன?

மிளகு விற்கக் கொழும்புக்குப் போன நம் ஊர் இத்ரூஸ் உன் அறைக்கு வந்தானாம். கதவு சாத்தியிருந்தது, வெளியே இரண்டு சோடி செருப்பு, ஒன்று மிகச் சின்னது, தட்டாமலே திரும்பிவிட்டேன் என்றான். கொழும்புத் தண்ணீருக்குக் கால் சிறுத்துவிடுமா தம்பி என்று நான் சிரித்தேன். ஸுபைதா சிரிக்கவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள், பொறுக்கிய கல்லையெல்லாம் திரும்ப அரிசியிலேயே போட்டாள்.

நாற்பது முடிந்த கையோடு, நேற்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிறப்புப் பதிவுகாரரிடம் போனோம். நல்ல சிங்கள மனிதர். எந்த ர போடுவீர்கள் என்று கேட்டேன். "அக்கே, நான் சிங்களத்தில தானே எழுதுறேன், எங்ககிட்ட இருக்கிறதே ஒரு ர தான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உன் மூன்று கடிதத்துக்கும் அவ்வளவுதான் மதிப்பு.

பிறகு பேனாவை மையில் தொட்டார். ஆணா பெண்ணா என்று கேட்டார்.

முன்பின் பார்க்காத மனிதர், தம்பி. முதல் கேள்வியே அதுதான். அதுவரை கண் கலங்காத ஸுபைதா அந்த மேசைக்கு முன்னால் நின்று அழுதாள். நான்தான் பதில் சொன்னேன்.

பிள்ளை பிறந்த அன்று, தாயும் பிள்ளையும் சுகம் என்று மட்டும் எழுதுங்க மச்சி, மிச்சத்தை அவரு கேக்கட்டும் என்று சொன்னவள் அவள். உன் ஒவ்வொரு கடிதத்தையும் நான் எழுத்துக் கூட்டி வாசித்து முடித்ததும், "வேற ஒன்னும் கேக்கலியா?" என்பாள். ர-வைப் பற்றிக் கேட்டிருக்கிறான் என்பேன். எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவாள்.

பெயர் பதிந்தாயிற்று. இனி எழுத்தைப் பற்றி எழுதாதே. ஆணா பெண்ணா என்று இந்தக் கடிதத்திலும் நான் சொல்லவில்லை, பார்த்தாயா? அவளுக்குக் கொடுத்த வாக்கு. ஒரு வரி கேட்டு எழுது. அவளுக்கே எழுது, வாசித்துக் காட்ட நான் இருக்கிறேன். பிந்தினால், பிள்ளை தானே ரயில் ஏறி வந்து உன் கதவைத் தட்டிச் சொல்கிற வயசாகிவிடும். வாசலில் மூன்றாவது சோடிக்கும் இடம் வைத்திரு.

உன் கால்களுக்கு அல்லாஹ் வீட்டு வழியைக் காட்டட்டும்.

உன் ராத்தா
றம்லா