பால் தீயுது என்றாள்

சாரம், புதுச்சேரி
ஞாயிறு காலை

அன்பு மகன் முஆஸுக்கு, அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கருணையால் இங்கே மூவரும் சுகம், அந்தப் பிரான்சுக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்பதே எங்கள் துஆ.

உன் தங்கை இஃப்ஃபத்தைப் பெங்களூருக்குக் கூட்டிப்போய் வந்துவிட்டோம். போனில் உன் அம்மா அழுததைத்தான் கேட்டிருப்பாய், நடந்ததை நான் எழுதுகிறேன். வலிப்பு மூளையில் ஒரே இடத்திலிருந்து கிளம்பினால் ஆபரேஷன் செய்து நிறுத்தப் பார்க்கலாம், பல இடமென்றால் காலமெல்லாம் மாத்திரைதான் என்றார்களே, அந்த இடத்தைத் தேடத்தான் போனோம். முப்பது வருஷமாக மிக்ஸி ரிப்பேர் பார்க்கிறேன், ஸ்குரூவைக் கழற்றாமல் ஒரு கோளாறையும் கண்டதில்லை. இவர்களோ ஊசி இல்லை, கத்தி இல்லை, பார்லரில் முடி காய வைக்கிற தொப்பி மாதிரி ஒன்றுக்குள் தலையை வைக்கச் சொன்னார்கள். மூளையிலிருந்து வருகிற துளியூண்டு காந்தத்தை அது வெளியிலிருந்தே பிடிக்குமாம். வலிப்பு வராதபோதும் உள்ளே பொறி பறக்குமாம், அதை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கிறார்களாம். எப்படி, எப்படி என்று டெக்னீஷியன் வினோத்குமாரைத் துளைத்தெடுத்துவிட்டேன். இரும்பே ஆகாத அறை, என் சட்டைப் பையிலோ டெஸ்டர்! சார், நீங்க முதல்ல வெளிய போங்க என்று விரட்டிவிட்டார்.

பிறகு டாக்டரம்மா, வலிப்புக்கு முன்னால் ஏதாவது தெரியுமா என்று கேட்டார். பால் அடிபிடிக்கிற வாடை வரும் என்றாள் இஃப்ஃபத். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா, பால் தீயுது என்று அவள் கத்துவாள், நாம் அடுப்பங்கரைக்கு ஓடுவோம், திரும்பி வந்தால் அவள் தரையில் கிடப்பாள், நினைவிருக்கிறதா? அடுப்பில் பாலே இருக்காது. மயக்கத்து உளறல் என்று பதினொரு வருஷமாக ஒரு டாக்டரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டோம். ஸ்கேன் காட்டியது ஒரே இடம்தானப்பா, வலது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, வாசனை தெரிகிற பகுதியை ஒட்டி. ரெண்டும் பொருந்துது, இன்னும் சில டெஸ்ட் பாக்கி, ஆனா ஆபரேஷனுக்கு வழி இருக்கு என்றார் டாக்டரம்மா. பிள்ளை இடத்தைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள், எனக்குத்தான் காது இல்லாமல் போயிற்று.

சின்ன வயதில் அவள் வேறு என்னென்ன சொன்னாள் என்று யோசித்து மறக்காமல் எழுது, டாக்டரம்மா கேட்டிருக்கிறார். வேளைக்குச் சாப்பிடு.

இந்த இடத்தில் பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். பால் தீயுது என்றாள் இஃப்ஃபத். இந்த முறை நானும் உன் அம்மாவும் அடுப்பங்கரைப் பக்கமே போகவில்லை, அவளைப் பாயில் ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். கூடத்துக்குப் புகை வந்த பிறகுதான் தெரிந்தது, நிஜமாகவே பால் தீய்ந்திருக்கிறது. அத்தா, இப்பவாவது போய் அடுப்ப அணைங்க என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

அல்லாஹ் உன்னைக் காப்பானாக.

துஆவுடன்,
அத்தா ஜலால்